இன்ஸ்பெக்டரம்மா மடியில் கலந்த காவிரி

வகுப்பில் மாணவி தூங்கி டீச்சர் எழுப்பிய கதையை நூறு தடவை கேட்டிருப்பீர்கள். டீச்சர் தூங்கி, ஐந்தாம் வகுப்பே சேர்ந்து எழுப்பிப் பார்த்துத் தோற்ற கதையைக் கேட்டதுண்டா? அந்த டீச்சர் நான்தான். அதுவும் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு. அப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இன்று கேட்டால், நான் செய்ததில் பாதிக்கு மேல் நியாயம் என்பேன். யார் வந்து வாதாடினாலும் சரி.

அறுபத்திரண்டாம் வருஷம். எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீரங்கத்தில் குடித்தனம். கணவருக்கு அங்கேயே தபால் ஆபீஸில் வேலை. எனக்குத் திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை, மூன்று வருஷமாகத் தற்காலிகம். இன்ஸ்பெக்டரம்மா வந்து என் பாடத்தைப் பார்த்து நல்லதாக நாலு வரி எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். (வீட்டோடு கிடப்பது எனக்கு வராது. லால்குடியில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டுப் பெண்.)

இந்த நேரம் பார்த்து மூச்சிழுப்பு வந்தது. ஸ்ரீரங்கத்துக் குடும்ப டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. இழுப்பு ஓடிவிட்டது, கூடவே தூக்கமும் ஓடிவிட்டது. படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கொட்டக் கொட்ட விழித்திருந்து, என் கணவரின் குறட்டையில் எத்தனை வகை உண்டு என்று கண்டுபிடித்ததுதான் மிச்சம்.

அந்த டாக்டரிடமே போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். நீங்கள் அந்தக் காலத்து ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்படவில்லை. அந்த டாக்டர் என் மாமியாருக்குப் பிரசவம் பார்த்து என் கணவரை உலகத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது மாமியார் வைத்த குழம்பில் உப்பில்லை என்பதற்குச் சமம்.

அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த டவுன் டாக்டரிடம் திருட்டுத்தனமாகப் போனேன். தூக்கம் வரவில்லை என்றேன். வெள்ளை மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு டாக்டரிடம் உட்கார்ந்துகொண்டு இன்னொரு டாக்டர் பேச்சை எடுத்தால் இரண்டு பேருக்குமே மரியாதைக் குறைவு அல்லவா? மிக்ஸ்சர் என்ற தண்ணி மருந்துக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டிய காலம் அது. வீட்டிலிருந்த ஒரே பாட்டிலில், குடிக்கும் அளவு தெரிய வேளைக்கு ஒரு வெட்டு என்று வெட்டி, குடும்ப டாக்டரின் கம்பவுண்டர் ஒட்டிய காகிதப் பட்டை இருந்தது. வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். கொலைகாரன்கூடக் கறையை அத்தனை சிரத்தையாகக் கழுவியிருக்க மாட்டான்.

டவுன் டாக்டர் படபடப்புக்கு மிக்ஸ்சரும் தூங்குவதற்கு ஒரு மாத்திரையும் கொடுத்தார். இப்போது வெள்ளை மாத்திரை விழி என்றது, அவர் மாத்திரை தூங்கு என்றது. ராத்திரி முழுக்க இரண்டும் மல்லுக்கட்டிவிட்டு, விடிந்த பிறகுதான் தூக்க மாத்திரை ஜெயித்தது. பகலெல்லாம் தலை சுற்றல், வாய் வறட்சி, கை நடுக்கம். உறையூரில் ஒரு லேடி டாக்டர் கெட்டிக்காரி என்றார்கள். அவரிடம் தலைசுற்றல் என்று மட்டும் சொல்லி, மஞ்சள் மாத்திரையும் ஒரு டானிக்கும் வாங்கி வந்தேன். வெள்ளை மாத்திரை அலமாரியில் ராஜாவாக இருந்தது. தூக்க மாத்திரை துவரம்பருப்பு டப்பாவுக்குள், மஞ்சள் மாத்திரை டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில். (பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெண், தயவுசெய்து நினைவில் வையுங்கள்.)

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. முந்தின இரவு பொட்டுத் தூக்கமில்லை. விடிகாலை நாலு மணிக்குத் தூக்க மாத்திரையில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். ஏழு மணிக்கு வெள்ளை, எட்டுக்கு மஞ்சள், அதற்கு மேல் ஒரு மடக்கு டானிக். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது பாலம் ஓடுகிறது, ஆறு நிற்கிறது.

பாடம் காவிரி. இன்ஸ்பெக்டரம்மா கருநீலப் புடவையில், ஜன்னலோரம் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நீலச் சாக்கட்டியை எடுத்துக் குடகில் ஆரம்பித்தேன். மேட்டூர், ஈரோடு, கரூர் எல்லாம் பிரமாதம். முக்கொம்பில் ஆற்றைப் பிரித்து நடுவே ஸ்ரீரங்கத்தை வைத்தேன். "எங்க வீடு இங்கதான்" என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். தஞ்சாவூரில் கரும்பலகை முடிந்துவிட்டது.

புத்தியுள்ளவள் அழித்துவிட்டுச் சின்னதாகப் போடுவாள். எனக்கோ, காவிரியைத் தடுத்து நிறுத்த நான் யார் என்று தோன்றியது. வெள்ளையடித்த சுவரில் கோட்டை இழுத்தேன். காலண்டரைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் விளிம்பில் இறங்கி, ஆறு கிழக்கே ஓடியது. பிள்ளைகளும் எழுந்து கூடவே வந்தார்கள். கடைசியில் கருநீலமாகக் கடல் தெரிந்தது. "பூம்புகார்!" என்று அறிவித்துவிட்டு, இன்ஸ்பெக்டரம்மாவின் தோளிலிருந்து மடி வரைக்கும் ஒரு கோடு போட்டேன். அப்புறம் கடற்கரையில் உட்கார்ந்து, அலையில் தலையை வைத்துத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் படுத்திருந்தேன். எதிரில் டவுன் டாக்டர் நின்றார். பக்கத்திலிருந்தவர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்கு அருகில் சாட்சாத் குடும்ப டாக்டர். ஹெட்மிஸ்ட்ரஸ் தபால் ஆபீஸுக்கு டெலிபோன் செய்திருக்கிறார். என் கணவர் நான் விஷம் ஏதோ தின்றுவிட்டேன் என்று பயந்து, வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, அகப்பட்டதையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு, டாக்டரையும் காரோடு இழுத்து வந்துவிட்டார். அத்தனையும் மேஜைமேல் வரிசையாக நின்றன. என் மானம் ஒவ்வொரு பாட்டிலாகக் கடை விரித்திருந்தது.

"யாரு இந்தத் தூக்க மாத்திரை குடுத்தது?" என்றார் குடும்ப டாக்டர்.

"நான்தான் சார். இழுப்பு மாத்திரை சாப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியாதே" என்றார் டவுன் டாக்டர்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "படிச்ச பொண்ணு நீ. ஏம்மா எங்ககிட்ட சொல்லல?" என்றார் பெரியவரான குடும்ப டாக்டர்.

வேலை போனது போனதுதான், இனி யாருக்குப் பயம் என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்தேன். "நீங்க கேட்டீங்களா டாக்டர்? நாக்க நீட்டுன்னீங்க, நீட்டினேன். மூச்ச இழுன்னீங்க, இழுத்தேன். வேற என்னம்மா சாப்பிடறேன்னு மூணு பேர்ல ஒருத்தராவது கேட்டீங்களா? உங்க மருந்து எனக்குத் தூக்கத்த கெடுக்குதுன்னு நான் சொல்லியிருந்தா, நீங்க மொகத்த தூக்கிவெச்சுக்க மாட்டீங்களா?"

என் கணவர் ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டார். பெரியவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "தூக்கிவெச்சிருப்பேன்" என்றார் மெல்ல. "ஆனா ராத்திரி மாத்திரைய சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திக் குடுத்திருப்பேன். அவ்வளவுதாம்மா விஷயம்."

அவ்வளவுதான் விஷயம்! அதற்கு மேற்கொண்டு இரண்டு டாக்டர், நாலு மருந்து, ஒரு காவிரி.

மூலையில் நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டரம்மா, மடியில் நீலக் கோட்டோடு எழுந்து வந்தார். கைப்பையிலிருந்து இரண்டு பாட்டிலும் ஒரு பொட்டலமும் எடுத்து என் வரிசைக்குப் பக்கத்தில் வைத்தார். "டாக்டர், அப்படியே இதையும் பாத்துடுங்க. வேற வேற டாக்டர் குடுத்தது. நானும் தூங்கி மாசம் ரெண்டாச்சு" என்றார்.

ரிப்போர்ட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதினார்: 'ஆசிரியை பாடத்தின் இடையில் உறங்கினார். ஆற்றின் போக்கை மாணவியர் நன்கு அறிந்துள்ளனர்.' நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. போகட்டும். அடுத்த வருஷம் அவரே வந்தார், ஜாக்கிரதையாக வெள்ளைப் புடவையில். ஜன்னலோரப் பெஞ்சுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டிலுள்ள மருந்து முழுவதையும் பையில் போட்டுக்கொண்டு போகிறேன். நாடி பிடிக்கும் முன்பே மேஜையில் கொட்டிவிடுவேன். முகம் சுளிக்கிறவர் சுளிக்கட்டும். வீட்டில் அதற்கு 'காவிரிப் பை' என்று பெயர். நான் தூக்கம் வராமல் புரண்டால், என் கணவர் பாதித் தூக்கத்தில், "என்ன, இன்னும் முக்கொம்பே தாண்டலையா?" என்பார்.

போன மாதம் மகள் என்னை ஒரு சின்ன வயது டாக்டரிடம் அழைத்துப் போனாள். நான் பையின் முடிச்சில் கை வைப்பதற்குள் அந்தப் பையன், "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா பாட்டி?" என்று தானாகவே கேட்டுவிட்டான். நாற்பது வருஷமாக ஒருவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த கேள்வி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பையன் பயந்துபோனான்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றாள் மகள். "காவிரி கடலுக்கு வந்து சேந்துடுச்சு."