அசாதாரணத் திறமைக்கான சான்றிதழ்

“ஒன்பதாவது ஜோக்குக்கு யாராவது சிரிச்சீங்களா?” என்று தலைவர் சேனாபதி கேட்டார்.

யாரும் கை தூக்கவில்லை. செயலாளர் நாகமணி கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.

அமெரிக்காவின் ரிச்சர்ட்சன் நகரில் ஒரு நூலகத்தின் கூட்ட அறை. மைக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான் ஜெயபிரகாஷ். லண்டனில் பிறந்தவன். பதினோரு வருடம் அங்கே பப் மேடைகளில் தனியாக நின்று ஜனங்களைச் சிரிக்கவைத்தவன். இப்போது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பல் டாக்டராக நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு, அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான விசா வேண்டும். அவன் வேடிக்கையானவன் என்று பதிவு பெற்ற சங்கம் ஏதாவது எழுதித் தரட்டும் என்றார் வக்கீல். கிடைத்தது தமிழ்ச் சங்கம்.

செயற்குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் ஹெச்-ஒன் என்ற தற்காலிக வேலை விசாவில் வந்த மென்பொருள் பரிசோதகர்கள். அது 1999, தரச் சான்று இல்லாத கம்பெனியை யாரும் மதிப்பதில்லை. ஆகவே நகைச்சுவையும் முறைப்படி சோதிக்கப்பட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

“மாமியார் பத்தி மூணு ஜோக் இருக்கு,” என்றார் வாஞ்சிநாதன். “இவருக்குக் கல்யாணமே ஆகல. டேட்டா எங்கேர்ந்து வந்தது?”

மூன்றும் அடிக்கப்பட்டன.

“இங்கிலாந்து ராணியைப் பத்தினது, அங்கிள்?” என்றான் ஜெயபிரகாஷ்.

“நம்ம ரிக்வயர்மென்ட் லிஸ்ட்ல ராணியே இல்ல தம்பி.”

“சங்கத்து தீபாவளி டின்னர்ல சாப்பாடு தீர்ந்துபோறது?”

“அது நடந்த விஷயம். ஜோக்ல சேராது.”

இருபத்திரண்டு ஜோக்குகளும் நிராகரிக்கப்பட்டன. ஆரம்பத்தில் அவன் சொன்ன ‘வணக்கம்’ மட்டும் குறையில்லாமல் தேறியது.

“அடுத்த மாச மீட்டிங்ல ரீடெஸ்ட் பண்ணிடலாம்,” என்றார் சேனாபதி.

ஜெயபிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். “வெள்ளிக்கிழமை என் விசிட்டர் விசா முடியுது அங்கிள். அதுக்குள்ள லெட்டர் இல்லேன்னா ஏர்போர்ட்தான்.”

முதலில் வாஞ்சிநாதன் சிரித்தார். பிறகு ஏழு பேரும். நாகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் ஜோக் அடிக்கல.”

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

“அந்த மூஞ்சிய மாத்தாதீங்க தம்பி, ப்ளீஸ்,” என்று வாஞ்சிநாதன் மேஜையைத் தட்டினார்.

“ஏழுக்கு ஏழு,” என்றார் நாகமணி. “ஆனா இது ஸ்கிரிப்ட்லயே இல்லையே சார்?”

“பின்னாடி சேர்த்ததா ஒரு சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டுக்கலாம்,” என்றார் சேனாபதி.

கொண்டுவந்திருந்த லெட்டர்ஹெட்டில் நாகமணி அங்கேயே எழுதினார்: ‘மேற்படியார், நாட்டைவிட்டு அனுப்பப்படும் தறுவாயிலும் பார்வையாளர்களை நூறு சதவீதம் சிரிக்கவைக்கும் அசாதாரணத் திறமை வாய்ந்தவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.’

கைகுலுக்கல்கள் நடந்தன. பல் டாக்டர் வேஷத்துக்கு மீசை உண்டா என்று ஒருவர் விசாரித்தார். சேனாபதி கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கடிதத்தை ஜெயபிரகாஷ் கொண்டுவந்திருந்த வக்கீல் ஆபீஸ் உறையில் இட்டார். பிறகு, தன் ஹெச்-ஒன் முடிய இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, உறைமேல் அச்சிட்டிருந்த வக்கீலின் ஃபோன் நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.