கை கழுவியோர் பதிவேடு

சோப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. சோப்புப் போட்டதற்கு அத்தாட்சியைக் கண்டுபிடித்தவன் நான். மனித குலம் என்றைக்காவது நன்றி சொல்ல விரும்பினால், ‘செயலாளர், தொற்றுத் தடுப்புக் குழு’ என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதினால் போதும், வந்து சேரும்.

அதற்கு முன்பெல்லாம் டாக்டர்களும் நர்ஸ்களும் கையைக் கழுவிவிட்டு, பேசாமல் நோயாளியிடம் போய்விடுவார்கள். என்ன அராஜகம்! உண்மையில் கழுவினார்களா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆண்டவன் எங்கள் குழுவில் உறுப்பினர் அல்ல. ஆகவே அறுவை சிகிச்சை வார்டு வாசலில், வாஷ்பேசினுக்குப் பக்கத்தில், தடித்த அட்டை போட்ட ‘கை கழுவியோர் பதிவேடு’ ஒன்றை வைத்தேன். பெயர், பதவி, கழுவிய நேரம், தேய்த்த விநாடிகள், கையெழுத்து. யாரும் சுட்டுக்கொண்டு போகாதபடி ஒரு நீலப் பேனாவைச் சணலில் கட்டித் தொங்கவிட்டேன். கையுறை போட்டால் பேனா வழுக்குகிறது என்று புகார் வந்ததால், கையுறைகளை உடனே நிறுத்தினோம்.

ஒரே மாதத்தில் கையெழுத்து நூற்றுக்கு நூறு. பெரிய டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டுவதற்கு முன் கழுவிக் கையெழுத்தும் போட்டார்.

அடுத்த மாதம் பதினொரு பேருக்குத் தையல் சீழ்பிடித்தது. கிருமிகளுக்குக் கொஞ்சமாவது விவஸ்தை வேண்டாமா?

எங்கள் லேப் டெக்னீஷியன் எதையும் நம்பமாட்டார். அதனால் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். அவசரக் கூட்டத்துக்கு மூடிய கண்ணாடித் தட்டு ஒன்றோடு வந்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கிருமிகள் செழித்திருந்தன.

“பதினோரு பேர் புண்ணுலயும் இருந்த அதே கிருமி சார். எங்க கிடைச்சுது தெரியுமா? உங்க பேனாவுல! எல்லாரும் கையைக் கழுவுறாங்க. பேனாவை யாரு கழுவுறா?”

பெரிய டாக்டர்தான் முதலில் சமாளித்தார்.

“அந்தக் கிருமி பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எப்படிய்யா வார்டுக்குள்ள போயிருக்கும்?”

“சார், பேசாம அந்தப் பேனாவைத் தூக்கிப் போடுங்க!”

“பேனா இல்லாம கையெழுத்து எப்படி? கையெழுத்து இல்லாம கழுவினது எப்படித் தெரியும்?” என்று எழுந்து முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: கையெழுத்துப் போட்டவர் மறுபடி கை கழுவ வேண்டும், மறுபடி கழுவியதற்கு மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். லேப் அறிக்கையில் ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் கட்டினேன்.

மறுவாரம் என் மனைவிக்குத் திடீரென்று குடல்வால் ஆபரேஷன். அதே வார்டு, ஆறாம் கட்டில். மூன்றாம் நாள் தையலைப் பார்க்கப் பெரிய டாக்டரே வந்தார். கழுவினார், கையெழுத்திட்டார், கழுவினார், கையெழுத்திட்டார். என் கண்ணே பட்டுவிடும்போல அத்தனை ஒழுங்கு. பிறகு, கட்டை அவிழ்க்க அவள் வயிற்றை நோக்கிக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!”

கத்தியது நான்தான். வார்டே திரும்பிப் பார்த்தது.

“ஏன்யா? ரெண்டு தடவை கழுவி, ரெண்டு தடவை கையெழுத்துப் போட்டேனே!”

“அந்தப் பேனா சார்… அதுல கிருமி இருக்கு!”

சொல்லிவிட்டேன். ஒரு பதிவேட்டுக்காக இவளைப் பறிகொடுக்க இருந்தேனே என்று கட்டிலுக்குக் குறுக்கே போய் நின்றேன். மனைவி என்னையே பார்த்தாள்.

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“போன… செவ்வாய்க்கிழமை.”

அவள் ஏழாம் கட்டில் பக்கம் திரும்பினாள். அங்கே ஓர் அம்மாள் காலையிலிருந்து காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது ஆள்.

“அந்தக்காவுக்கு நேத்து இவர்தானே கட்டுப் பிரிச்சாரு? நீங்களும் பக்கத்துலதான் நின்னு கையெழுத்தைச் சரிபார்த்துட்டிருந்தீங்க. அப்போ ஏன் கத்தலை?”

பெயர், பதவி, நேரம், விநாடி, கையெழுத்து, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டவன் நான். இதற்குப் பதில் எழுத மட்டும் கட்டம் போடவில்லை.