எமெட் வீட்டு ஐஸ் மெஷின் அங்கீகாரம் பெற்ற வரலாறு

உணவு, உடை, உறைவிடம் மூன்றும் கிடைத்துவிட்ட மனிதனுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது, சமையல் மேடைக்கு அடியில் சத்தமில்லாமல் ஐஸ் தயாரிக்கும் ஒரு மெஷின். ஹூஸ்டனுக்கு வெளியே இருக்கும் க்வயட் பெக்கன்ஸ் குடியிருப்பில் இதை யாரும் மறுத்ததில்லை. எமெட் ஹாஸ்கின்ஸ் மட்டும் கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தார்.

எமெட் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு ஐஸ் தட்டுகள் இருந்தன. அவருக்கு அது போதும். மனைவி வெர்னாவுக்கும் போதுமாகத்தான் இருந்தது, ஜூன் மாதம் ஒரு மத்தியானம் வரைக்கும். அன்றைக்கு வந்த எதிர்வீட்டு அம்மாள், ஐஸ் டீ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அட, தட்டு ஐஸா! எவ்வளவு எளிமையா இருக்கீங்க!" என்று பாராட்டிவிட்டுப் போனாள்.

"ஆகஸ்ட்ல வீட்டுரிமையாளர் சங்கத்து விருந்து நம்ம வீட்லதான்," என்றாள் வெர்னா. "குடிவந்து ஆறு வருஷத்துல இப்பதான் முதல் தடவையா நம்மளக் கேட்டிருக்காங்க. எல்லார் முன்னாடியும் தட்டைக் கவுத்துப் போட்டுத் தட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது, எமெட்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எமெட் தொப்பியை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

கடையில் ஐஸ் மெஷின்களுக்கென்றே தனி அறை இருந்தது. அதற்குள் நுழைந்ததும் விற்பனையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தண்ணி ஏறுற சத்தம் கேக்குமா?" என்று கேட்டார் எமெட்.

"கேக்காது சார்."

"கம்ப்ரசர்?"

"கேக்காது சார்."

"ஐஸ் பெட்டியில விழும்போதாவது?"

விற்பனையாளர் முகம் சுளித்தார். "விழாது சார். இறங்கும்."

"ஒண்ணுமே கேக்கலேன்னா ஓடுதா இல்லையான்னு எப்படிய்யா தெரியும்?"

"பச்சை விளக்கு எரியும்."

"கெட்டுப் போச்சுன்னா?"

"அப்பவும் எரியும் சார். அதுக்கு வேற ஒயர்."

எமெட் வாசல் பக்கம் திரும்பினார். வெர்னாவின் முகம் நினைவுக்கு வந்ததும் மூவாயிரத்து எண்ணூறு டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்.

மெஷின் வந்து பொருத்தியாயிற்று. ஆனால் ஓட்டக்கூடாது. வீட்டுரிமையாளர் சங்கத்தின் ஒலி ஒழுங்குக் குழு நேரில் வந்து, செவிமடுத்து, அங்கீகாரம் வழங்க வேண்டும். குழுவின் தலைவி திருமதி ஓடெட் க்ரென்ஷா ஒலிமானியோடும் ஒன்பது பக்கப் படிவத்தோடும் வந்து சேர்ந்தார். மெஷினை ஓடவிட்டு, சமையலறைத் தரையில் மண்டியிட்டு, மானியை நீட்டினார்.

"முப்பத்தெட்டு டெசிபல்," என்றார் கண்டிப்பாக.

"மன்னிக்கணும், அது என் வயிறு," என்றார் எமெட். "காலையில இன்னும் சாப்பிடல."

அவரை வெளியே அனுப்பிவிட்டு திருமதி க்ரென்ஷா மறுபடி அளந்தார். முள் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். அப்போதும் அசையவில்லை. கவலையோடு எழுந்து எமெட்டை உள்ளே கூப்பிட்டார்.

"சிக்கல்தான் மிஸ்டர் ஹாஸ்கின்ஸ். பூஜ்யம்னு வருது."

"நல்லதுதானே?"

"பூஜ்யம்னு எழுதினா சாதனம் இல்லைன்னு அர்த்தம். இல்லாத சாதனத்துக்கு அங்கீகாரம் குடுக்க விதியில்ல. அமைதியா இருக்குன்னு நான் சான்று குடுக்கணும்னா அது கொஞ்சமாவது சத்தம் போட்டாகணும்."

எமெட் யோசித்து, ஒரு கரண்டியை எடுத்து மெஷின் கதவில் மெதுவாகத் தட்டினார். நாற்பத்தொன்று. விதித்த உச்சவரம்பு நாற்பத்தைந்து. திருமதி க்ரென்ஷாவின் முகம் மலர்ந்தது. "அருமையான அமைதி," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் 'மேற்படி சாதனம் பழுதடையாது என்று உறுதி கூறுகிறேன்' என்று இருந்தது.

"மெஷினுக்காக நான் எப்படிங்க உறுதி குடுக்கறது?" என்றார் எமெட்.

"இங்க எல்லாரும் குடுத்திருக்காங்க. பதினாலு வருஷமா இந்தக் குடியிருப்புல ஒரு மெஷின்கூடப் பழுதானதில்ல. பதிவேட்டைப் பாக்கறீங்களா?"

பார்த்தார். உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை. அவர் வேலை பார்த்த பஸ் பணிமனையில் பதினாலு நாள் அப்படி ஓடியதில்லை. வெட்கத்தோடு கையெழுத்துப் போட்டார்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் வெர்னா ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"எமெட்! எப்பலேருந்து இப்படி?"

"யாருக்குத் தெரியும்? சத்தமாவது போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார். வந்த வேனைக் குடியிருப்பின் வாசலிலேயே காவலாளி நிறுத்திவிட்டார். பழுதான சாதனம் இருக்கிறதென்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தால்தான் ரிப்பேர் வேனை உள்ளே விடலாம். எழுதிக் கொடுத்தால் உறுதிமொழியை மீறிய குற்றம்; வாரத்துக்கு நூறு டாலர் அபராதம், அத்துடன் விருந்து வேறு வீட்டுக்கு மாற்றப்படும். வேன் திரும்பிப் போயிற்று. எமெட் தானே கழற்றிப் பார்க்க உட்கார்ந்தார். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் ரத்து என்று ஒட்டியிருந்தது. கிழித்துத் திறந்தார். உள்ளே ஒரு திருகாணிகூட இல்லை. எல்லாவற்றையும் ஒட்டியே மூடியிருந்தார்கள்.

வெர்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லி விருந்தை நிறுத்திடவா?"

"சும்மா இரு. ஐஸ்தானே?"

விருந்து நாளான சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடாமல் இருக்கப் பதினெட்டு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்குக்குப் போனார் எமெட். வாசலில் ஐஸ் மூட்டைகள் வைக்கும் பெரிய இரும்புப் பெட்டி கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது. அதற்குள் இடுப்புவரை குனிந்து, மீன்பிடிக்கப் போகிறவர் போல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு அம்மாள் ஐந்தாவது மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். திருமதி க்ரென்ஷா.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இரும்புப் பெட்டியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுது எப்பலேருந்து?" என்றார் எமெட்.

"நான் தலைவியாறதுக்கு முன்னாடியே," என்றார் அவர்.

கல்லாவில் இருந்த ஆள் எட்டிப் பார்த்தார். "க்வயட் பெக்கன்ஸா சார்? நாளைக்கு ஆறுக்கே வந்துடுங்க. உங்க ஆளுங்க வந்துட்டுப் போனா ஒரு மூட்டை மிஞ்சாது."

விருந்து அமோகமாக நடந்தது. வெர்னா மெஷினின் பெட்டியைத் திறந்து, எமெட் காலையில் வாங்கிக் கொட்டி வைத்த ஐஸை வெள்ளிக் கரண்டியால் அள்ளிப் போட, எதிர்வீட்டு அம்மாள் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மனம்விட்டுப் பாராட்டினாள். வெர்னாவின் முகத்தில் ஆறு வருஷத்தில் எமெட் பார்க்காத வெளிச்சம். புதிதாகக் குடிவந்திருந்த இளம் தம்பதி, மேஜர் என்ற பெயருடைய ஒருவரும் அவர் மனைவியும், எமெட்டைத் தேடி வந்தார்கள்.

"நாங்களும் ஒரு ஐஸ் மெஷின் பாத்துக்கிட்டிருக்கோம்," என்றார் மேஜர். "உங்களுது சத்தம் போடுமா சார்?"

கூடம் அடங்கிற்று. நாற்பது பேர் டம்ளரை வாயருகில் பிடித்தபடி எமெட்டையே பார்த்தார்கள்.

"கேட்டதே இல்ல," என்றார் எமெட்.

"நம்பி வாங்கலாமா?"

எமெட் வெர்னாவைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு காகிதக் கைக்குட்டையில் கடையின் விலாசத்தை எழுதி நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.