இன்பசேகரனின் ஒரே சாவி

"இதுவும் இல்ல... சனியன், இதுவும் இல்ல!"

தல்லாகுளத்து ஆபீஸிலிருந்து மண்டை பிளக்கும் வெயிலில் வந்த இன்பசேகரன், தன் வீட்டு கேட் முன்னால் சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேட், வாசல், கொல்லை, மொட்டைமாடி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பூட்டு. எந்தச் சாவி எதற்கென்று மனைவி ஞானத்துக்குத்தான் தெரியும். அவளோ சர்ச்சுக்குப் போயிருந்தாள்.

இத்தனை பூட்டும் பக்கத்து வீட்டு ஜூடுவால் வந்தது. ஜூடு வீட்டு முருங்கை மரம் மதிலைத் தாண்டிக் கம்பளிப்பூச்சி கொட்டியதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. "இன்னைக்குப் பூச்சி வருது, நாளைக்கு அவனே வருவான்" என்று சண்டைக்கு ஒரு பூட்டாக வாங்கி மாட்டினார் இன்பசேகரன்.

மறுநாளே சிம்மக்கல்லிலிருந்து பூட்டு ரிப்பேர் முத்திருளனைப் பிடித்து வந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே சாவி. முடியுமா, முடியாதா?"

"முடியும்ணே. எந்தச் சாவிக்குத் தோதா மாத்தணும்?"

கொத்தில் இருந்ததெல்லாம் துருப்பிடித்தவை. சுவர் ஆணியில் ஒன்று மட்டும் பளபளவென்று தொங்கியது. அதை எடுத்து நீட்டினார்.

"ஏங்க, அந்தச் சாவி வந்து..." என்று ஆரம்பித்தாள் ஞானம்.

"நீ பேசாத! இம்புட்டுக் கொழப்பமும் உன்னாலதான்!"

ஞானம் அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் எல்லாப் பூட்டும் அந்த ஒற்றைச் சாவிக்கு அடங்கிவிட்டன. பழைய சாவிகளைச் சாக்கடையில் வீசிவிட்டுத்தான் இன்பசேகரன் காபி குடித்தார்.

அந்தச் சாவியை அவர் ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட, ஞானம் கடைகண்ணிக்குக்கூடப் போக முடியாமல் வீட்டுக்குக் காவல் கிடந்தாள்.

"இன்னொரு சாவி போட்டுக் குடுங்களேன்."

"ரெண்டு சாவி இருந்தா ஒண்ணு அந்த ஜூடு கைக்குத்தான் போகும்!"

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. ஜூடு குடும்பம் ஊரில் இல்லை என்பதையும் மறந்து, "அடேய் ஜூடு!" என்று கத்திக்கொண்டே வாசல் பூட்டையும் கேட் பூட்டையும் அழுத்திப் பூட்டினார். திரும்பி வந்து பாக்கெட்டில் கை விட்டால் சாவி இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே இருந்துவிட்டது.

முத்திருளன் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கமாட்டார். கல்லை எடுத்துக் கேட் பூட்டை அடித்தார் இன்பசேகரன். பூட்டு அப்படியே இருந்தது, கட்டைவிரல்தான் வீங்கியது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவில் வந்து இறங்கியது ஜூடு குடும்பம்.

"ஏங்க, அவங்ககிட்ட..."

"அந்த வீட்டு ஒத்தாசைய வாங்குறதுக்கு இங்கயே வெயில்ல கெடந்து சாவேன்!"

இந்த முறை ஞானம் காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று ஓடி, ஜூடுவின் மனைவி ஷெரின் காதில் ஏதோ சொன்னாள். ஷெரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து, கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தாள். வாசல் பூட்டையும் திறந்தாள்.

இன்பசேகரனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"எங்க வீட்டுச் சாவி உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

"உங்க வீட்டுச் சாவி இல்லண்ணே, எங்க வீட்டுச் சாவி. இதோட ஜோடியத்தான் ஊருக்குப் போறப்ப, ஆணியில மாட்டி வைங்கன்னு அக்காகிட்ட குடுத்துட்டுப் போனேன்."