ஓர் அட்டை அதிகம்

“இப்போது ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரம்தான் வருகிறது. வள்ளியம்மாவிடம் சொல்லவும்.”

என்னிடம் இருக்கும் ஓர் அஞ்சலட்டையில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. முத்திரையில் வருஷம் 197 வரை தெரிகிறது. கடைசி இலக்கத்தின் மேல் மை அப்பிவிட்டது. அந்த முத்திரையைக் குத்தும் இலாகாவிலேயே உழைத்து ஓய்வு பெற்றவன் நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுதியவரை எங்கள் நெசவுப் பேட்டையான பிள்ளையார்பாளையம் ‘வரிசை’ என்று அழைத்தது. உலகில் வரிசை கெட்டிருந்த எதையும் அவரால் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவர் சரிசெய்த பிறகு, அதை வேறு யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மெட்ராஸ் பஸ்ஸின் படியை மறித்து நின்று கூவுவார்: “கடைசியா எறங்கறவங்க மொதல்ல ஏறுங்கபா! வழியில எறங்கற பூந்தமல்லி ஆளுங்க அப்புறம்!”

“நீ எங்கபா எறங்கணும்?” என்பார் கண்டக்டர்.

“பூந்தமல்லி.”

“அப்ப நீ அடுத்த வண்டி.” இரட்டை விசில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில், சவரத்துக்கு வந்தவர்களை முதலிலும் முடிவெட்ட வந்தவர்களைப் பின்னாலும் உட்கார வைத்தார். சின்ன வேலை முதலில் என்பது அவர் கொள்கை. சவரத்துக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. முடிவெட்டப் போன நான் எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

“சராசரியா பாத்தா காத்திருக்கிற நேரம் கொறஞ்சிருக்குது சார்,” என்றார் பெருமையாக.

“எனக்கு?”

“நீங்க சராசரி இல்ல சார்.”

இது வெறும் கிறுக்கு அல்ல, அவர் பிழைப்பே இதுதான். மெட்ராஸில் ஒரு துணி ஆலைக் கம்பெனி, கம்ப்யூட்டரில் டாக்டர் பட்ட ஆராய்ச்சி செய்ய அவருக்கு உதவித்தொகை தந்தது. ஓர் இயந்திரத்துக்குப் பல வேலைகள் காத்திருந்தால் எதை முதலில் விடுவது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் வந்து பார்ப்பார்கள். திருப்தி இல்லையென்றால் தொகை நின்றுவிடும். இதை நம்பி வாத்தியார் வேலையை வேறு விட்டிருந்தார்.

கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அப்போது அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தித்தான் கொடுப்பார்கள். வாரம் ஒருமுறைதான் இவருக்கு முறை வரும். அந்த வருஷம் மூன்று மாதமாக ஒரே பிசகு: ஆலை ஒரு நாளில் முப்பது மணி நேரம் ஓடியதாக விடை வந்தது. கம்பெனிக்காரர்கள் வரப்போவது வியாழன். அவருடைய கடைசி முறை புதன். செவ்வாய்க்கிழமை மாலை, பிசகைத் தேடி அட்டைகளைத் தன் அறையில் தரை முழுக்க வரிசையாகப் பரப்பிவிட்டு, சாப்பிட நாஷ்டா வாங்கப் போனார். திரும்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அவர் குடியிருந்த அறையை வாடகைக்கு விட்டிருந்த வள்ளியம்மாவுக்குத் தறி அட்டை கோப்பது தொழில். புடவைக் கரையில் எந்தப் பூ எப்போது விழ வேண்டும் என்பதைத் தறிக்குச் சொல்லுவதும் ஓட்டை போட்ட அட்டைகள்தான். அவற்றை வரிசை மாறாமல் நூலால் சங்கிலியாகக் கோப்பார்கள். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள், இரக்கப்பட்டாள்.

பக்கத்து வீட்டில் இருந்த நான் அலறல் கேட்டு ஓடினேன். அத்தனை அட்டைகளும் ஓரத்தில் புது ஓட்டை போடப்பட்டு, ஒரே மாலையாக ஆணியில் தொங்கின.

“ஏம்பா கத்தற? காத்து அடிச்சா கலைஞ்சி பூடாது? நல்ல நூலு போட்டுத்தான் கோத்துக்கிறேன்.”

“அம்மா... ஓரத்துல ஓட்டை இருந்தா மிஷினு தப்பா படிக்கும்மா. எல்லாத்தையும் புதுசா குத்தணும்.” அவர் நாஷ்டா பொட்டலத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாம் போச்சு.”

வள்ளியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கி, இடுப்பில் செருகியிருந்த ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள்.

“இத்த மட்டும் கோக்கலபா. பக்கத்துப் பக்கத்துல ஒரே மாரி ரெண்டு இருந்துச்சி. தறியில அப்படி உட்டா அதே இழை ரெண்டு தபா உழும், பூ கோணிக்கும். தப்பா?”

அவர் அட்டையை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தார். கோத்த மாலையில் அதன் ஜோடி அட்டையைத் தேடினார். பிறகு, எதையும் வரிசையாகவே செய்யும் அந்த மனிதர் சிரிப்பு, அழுகை, கும்பிடு மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தார். ஒரு வேலைக்கான ஆறு மணி நேரத்தைக் கூட்டச் சொல்லும் அட்டை அது. மூன்று மாதமாக மிஷின் அதை இரண்டு முறை கூட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில், மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் வரிசைப்படுத்தாமல் முதலில் ஏறினார். கம்ப்யூட்டர் இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்து, தன் முறை வருவதற்குள் அத்தனையையும் புதிதாகக் குத்தினார். வியாழக்கிழமை அங்கிருந்து எனக்கு எழுதியதுதான் அந்த அஞ்சலட்டை. தொகை நிற்கவில்லை.

வள்ளியம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “ஒரு நாளுக்கு அவ்ளோதானே? இதுக்கா படிக்க வெச்சிருக்காங்க?” என்றாள்.

பட்டம் வாங்கிய பிறகு, ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் வள்ளியம்மா பெயரும் உண்டு என்று எழுதியிருந்தார். நான் அந்த ஏட்டைப் பார்த்ததில்லை. ஆகவே இது சரிபார்க்கப்படாத தகவல். பேராசிரியருக்கும் கம்பெனிக்கும் முன்னாலா பின்னாலா என்பதும் தெரியாது. ஆனால் வரிசை விஷயத்தில் அந்த மனிதர் தப்பு செய்திருக்க மாட்டார்.