நாய் டாக்டர் சொன்ன நடை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு தெரு, அந்தத் தெருவிலே ஒரே ஒரு தையற்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையற்காரருக்கு முன்னால் அவர் வயிறு போகும். வயிற்றுக்கு முன்னால் அவர் நாய் போகும். நாயின் பெயர் துரை. பெயருக்கேற்ற மாதிரி முக்கால்வாசி நேரம் படுக்கைதான்.

ஒருநாள் காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறதே என்று துரையை அவரும் மனைவியும் நாய் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் காதுக்குச் சொட்டு மருந்து விட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாயின் விலாவை அமுக்கிப் பார்த்தார். எலும்பு தட்டுப்படவில்லை. நிமிர்ந்து தையற்காரரைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் தினம் காலையில நடக்கணும். ரெண்டு பேருக்கும் பிஸ்கட் கூடாது.”

தையற்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் பொருமினார்.

“நாய் டாக்டருக்கு என் வயித்துல என்ன வேலை? அந்தாளு படிச்சது நாய்க்குத்தானே?”

“ஒத்துமையைப் பார்த்திருப்பாரு,” என்றாள் மனைவி.

அன்றைக்கே வெண்ணெய் பிஸ்கட் டப்பா அலமாரிக்குள் போனது. சாவி அவள் இடுப்புக்குப் போனது. மறுநாள் விடிவதற்குள் தையற்காரரின் போர்வையும் போனது.

“எத்தனை நாளைக்குடி இந்தக் கொடுமை?”

“உங்க பேன்ட்டு லூசாகணும். துரையோட கழுத்துப்பட்டை லூசாகணும். அப்புறம் துரையைக் கூட்டிக்கிட்டு நீங்க நடக்கவே வேணாம். டப்பாவையும் திறந்துடறேன்.”

நடையா அது? கம்பத்துக்குக் கம்பம் துரை நின்றது. கம்பத்துக்குக் கம்பம் தையற்காரர் சாய்ந்தார். பால்காரன் சிரிக்கிறான். பேப்பர்காரன் மணியடித்து ஒதுங்கச் சொல்கிறான். சொந்தத் தெருவில், சொந்த வயிற்றோடு, ஒரு மனுஷன் இப்படியா சீரழிவது?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையில் உட்கார்ந்து யோசித்தார். ‘லூசாகணும்னுதானே சொன்னா? இளைக்கணும்னு சொல்லலையே!’

ஊரார் இடுப்பையெல்லாம் பிடித்தும் விட்டும் தைத்த கை அது. பேன்ட்டின் பின்தையலைப் பிரித்தார். உள்ளே மடங்கிக் கிடந்த துணியை எல்லாம் வெளியே விட்டுத் தைத்தார். ஊசியைக் காய்ச்சி, துரையின் பட்டையில் நுனிப்பக்கமாக ஒரு புது ஓட்டை போட்டார். வேலை முடிந்தது.

“இந்தா, பாரு!” இடுப்புக்கும் பேன்ட்டுக்கும் நடுவே முஷ்டியை விட்டுக் காட்டினார்.

மனைவி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கன்னத்தில் கை வைத்தாள். “அடேயப்பா! பாதி ஆளாயிட்டீங்களே!” என்று தெருவுக்கு ஓடினாள்.

வெற்றி. தையற்காரர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

விடிகாலையில் கதவைத் தட்டினார்கள். வாசலில் எதிர்வீட்டுக் கண்டக்டர், பக்கத்து வீட்டு டீச்சர், மாடிவீட்டு குண்டண்ணன். ஆளுக்கொரு நாய்.

“அண்ணே, நடந்தே இளைச்சீங்களாமே! அக்கா சொன்னாங்க. இனிமே தினம் எங்களையும் கூட்டிட்டுப் போங்க,” என்றார் கண்டக்டர்.

தையற்காரர் மனைவியைக் கதவோரம் இழுத்தார்.

“நடக்க வேணாம்னு சொன்னியே?”

“துரையைக் கூட்டிக்கிட்டு நடக்க வேணாம்னேன். அது இனிமே சாயங்காலம் என்கூட வரும். இதெல்லாம் அவங்க நாய்ங்க.”

“அநியாயம்டி! சரி, டப்பா?”

“நேத்தே திறந்துட்டேங்க. நீங்க இளைச்ச சந்தோஷத்துக்குத் தெரு முழுக்க ஆளுக்கு ரெண்டு கொடுத்தேன். காலி.”

தையற்காரர் இரண்டு கையையும் தலையில் வைத்தார். பேன்ட்டோ நழுவியது.

“இரு, இதையாவது கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுட்டு வரேன்.”

“தொடாதீங்க! அந்த லூசை நம்பித்தானே இத்தனை பேரு வந்திருக்காங்க?”

கண்டக்டர் பழக்கதோஷத்தில் விசில் ஊதி, “ரைட்!” என்றார். நாய்கள் கிளம்பின. ஒரு கையில் குண்டண்ணனின் நாய், மறு கையில் பேன்ட்டு என்று தையற்காரர் முன்னால் இழுபட்டுப் போனார்.

“ஏங்க!” வாசலிலிருந்து மனைவி கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தார்.

“பேன்ட்டு நீலம். அடுத்த தடவை பிரிச்சுத் தைக்கும்போது கறுப்பு நூல் போடாதீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.