இடது முழங்கால் பற்றி ஒரு விளக்கம்

டெல்வுட், ஒஹாயோ
1909 அக்டோபர் 13

கனம் பொருந்திய 'டெல்வுட் கூரியர்' ஆசிரியர் திரு. ப்ரூயிட் அவர்களின் சமூகத்துக்கு, மெயின் தெரு முடிதிருத்தும் கடை ஆகஸ்ட் ஹென்னெக்கே மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

கர்த்தர் கிருபையால் நானும் என் மனைவி ஹுல்டாவும் நலம். நலம் என்று எழுதுவது ஒரு மரியாதைக்காகத்தான், உண்மையில் பத்து நாளாக இந்த வீட்டில் யாருக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை. தாங்களும் தங்கள் சம்சாரமும் தங்கள் புது அச்சு இயந்திரமும் சௌக்கியமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

சென்ற வாரம் திங்கட்கிழமைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில், 'கொடியைத் தூக்கிக் கொடுத்த நாவிதர்' என்ற தலைப்பின் கீழ், அடியேன் சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் பின்வாங்கி நம் ஊருக்குத் துரோகம் செய்ததாக எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. நான் பின்வாங்கவில்லை. என் இடது முழங்கால் பின்வாங்கியது. ஐஸ் வண்டியிலிருந்து விழுந்த நாள் முதலாக அது என் பேச்சைக் கேட்பதில்லை.

நடந்தது இதுதான். சாம்பியன் கொடிக்கான கடைசி ஆட்டம், உட்காரப் பலகை போதவில்லை, எங்களில் நானூறு பேரை மைதானத்துக்குள்ளேயே தூரத்து ஓரத்தில் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். கயிற்றைத் தாண்டிக் கூட்டத்தில் பந்து விழுந்தால் அடித்தவனுக்கு இரண்டு பேஸ் என்று அம்பயர் சொல்லிவிட்டுப் போனார். நம் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. நம்மவன் பந்து பிடிக்க ஓடிவந்தால் கயிற்றையும் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் போய் இடம் விடுவோம், எதிரி ஓடிவந்தால் சுவர் மாதிரி நிற்போம், அம்பயர் பார்க்காவிட்டால் நாலடி முன்னாலும் வருவோம். 'கூட்டமே நமது பத்தாவது ஆட்டக்காரர்' என்று தாங்களே ஒரு தரம் பாராட்டி எழுதினீர்கள். அப்படி இருக்க, கடைசி இன்னிங்ஸ், ஒரு ஓட்டம் குறைவு, இரண்டு பேர் அவுட், இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் நம் ஆட்கள், நம் ராஃபர்டி அடித்த பந்து எங்கள் தலைக்கு நேரே வருகிறது. கூட்டத்தில் விழுந்தால் அந்த இருவரும் ஓடி முடித்து இரண்டு ஓட்டம், கொடி நமக்கு, பிடிபட்டால் கார்வர் ஊருக்கு. பிடிக்க ஓடிவந்தவன் எமில் ஹென்னெக்கே. ஆமாம் ஐயா, என் மகன்தான்.

அவன் கார்வருக்குத் தானாகப் போகவில்லை என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். போன குளிர்காலத்தில் நம் கிளப்தான் அவனை, ஒரு வார்த்தை கேட்காமல், சந்தையில் மாட்டை விற்கிற மாதிரி விற்றது. பந்து கையில் நிற்காதவன் என்று கேலியாக, 'வெண்ணெய்க் கை விடைபெற்றது' எனத் தாங்கள் நாலு வரி எழுதினீர்கள், அதை ஹுல்டா வெட்டி எடுத்து பைபிளுக்குள் வைத்திருக்கிறாள், எதற்கென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மே மாதம் அவன் அந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக இங்கே ஆட வந்தபோது ஊரே 'வெண்ணெய்க் கை! வெண்ணெய்க் கை!' என்று ஊளையிட்டது. நானும் ஊளையிட்டேன். ஒரு பக்கம் சவப்பெட்டிக்காரர் லஸ்க், மறு பக்கம் என் வாடிக்கைக்காரர்கள் பாதிப்பேர், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் என்ன நினைப்பார்கள்? என் குரல் அவனுக்குத் தெரியாதா? ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அதற்கப்புறம் வீட்டுப் பக்கம் வரவில்லை, ஒரு வரி எழுதவில்லை. ஊர்மேல் எனக்கு இருக்கிற விசுவாசத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும், தாங்களே சொல்லுங்கள்.

ஆகவே சனிக்கிழமை அவன் ஓடிவந்தபோது கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டக்காரர்கள் ஓடும்போது ஏதேதோ கத்துவார்கள், அவன் என்ன கத்தினான் என்று என் காதில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து இந்தப் பாழாய்ப்போன இடது முழங்கால் மடங்கியது. நான் பின்னால் சாய்ந்தேன், கயிறும் என்னோடு வந்தது, எனக்குப் பின்னால் நின்ற ரொட்டிக்கடை வெண்ட்லிங் சரிந்தார், அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சரிந்தார்கள். ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் உண்டானது. அதில் எமில் நின்றான், பந்து அவன் கையில் இருந்தது. "யோவ் ஆகஸ்ட், என்னய்யா பண்ணித் தொலைச்சே!" என்று வெண்ட்லிங் தரையில் கிடந்தபடியே கத்தினார். மற்றவர்கள் சொன்னதை அச்சில் போட முடியாது.

மறு வாரம் என் கடையில் நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அலமாரியில் வரிசையாக நிற்கிற, சோப்பு நுரைக்கிற சவரக் கோப்பைகள், ஒவ்வொன்றிலும் தங்க எழுத்தில் சொந்தக்காரர் பெயர், மொத்தம் நாற்பத்தொன்று. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக லஸ்க் வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "என் கோப்பையைக் குடு ஆகஸ்ட்."

"அப்ப ஷேவிங்குக்கு எங்க போவீங்க?" என்றேன்.

"தாடி வச்சுக்கிறேன். பெட்டியில வைக்கிறப்ப உனக்குக் கடைசி ஷேவிங் எப்படியும் நான்தான் பண்ணப் போறேன். அதுவரைக்கும் நீ எனக்குப் பண்ண வேண்டாம்."

புதன்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். வியாழக்கிழமை பாதிரியாரே வந்தார், மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். வெண்ட்லிங் தன் கோப்பையோடு பக்கத்துக் கோப்பையையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார், யாருடையது என்று இன்னும் தகராறு. அலமாரியைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது, எனக்கு அழுகை வருகிறது. ஊரில் பாதி ஆண்கள் தாடியோடு அலைகிறார்கள். ராஃபர்டி என் கடை வாசலில் நின்று துப்பிவிட்டுப் போனான், இருபத்திரண்டு வருஷமா அவங்கப்பாவுக்கும் நான்தான்யா ஷேவ் பண்ணினேன்! நான் என்ன கேட்கிறேன், ஒரே ஒரு வரி போடுங்கள் ஐயா. 'நாவிதர் பின்வாங்கவில்லை, அவரது இடது முழங்கால் மடங்கியது.' அவ்வளவுதான். ஒரு ஆள் பிழைத்துப் போவான்.

தங்கள் குடும்பத்தில் எல்லா நன்மையும் பெருகட்டும், தங்கள் பத்திரிகை பக்கத்து ஊர்களிலும் பரவட்டும் என்று வாழ்த்தி, தங்கள் வலது கன்னத்து மச்சத்தை இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடக் கீறாத,

ஆகஸ்ட் ஹென்னெக்கே

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஹுல்டா வாங்கி வாசித்தாள். "ஏங்க, ஐஸ் வண்டியிலேர்ந்து விழுந்து அடிபட்டது வலது முழங்காலாச்சே" என்றாள். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தழும்பு வலது காலில்தான் இருக்கிறது. முதலில் எல்லா இடத்திலும் 'வலது' என்று திருத்தலாமென்று நினைத்தேன், அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பந்து எமிலுக்குப் பின்னாலிருந்து வந்தது ஐயா, அதனால் அவன் முகம் எங்களைப் பார்த்து இருந்தது. என்னைப் பார்த்தான். "அப்பா, தள்ளிக்கோ!" என்றான். ஐந்து மாசத்துக்கு அப்புறம் என்னோடு பேசின முதல் பேச்சு அது. தள்ளிக்கொண்டேன். ஆகையால் எதையும் அச்சிட வேண்டாம். தங்கள் கோப்பை ஒன்றுதான் இன்னும் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் போக வருவதானால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவேண்டாம், எமில் சாப்பிட வருகிறான்.